மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால்

எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பொருள் ஒரு ஸ்டீல் கெட்டில். ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் லீவுக்கு, பொங்கல் சமயத்தில், வெள்ளானூர் வந்தபோது துணிகளுக்கு நடுவில் சுற்றி நான்தான் கொண்டுவந்தேன். பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கும். கொதித்ததும் தானாக நின்றுவிடும். அம்மா முதல் நாள் அதைப் பத்து தடவையாவது போட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் "நின்னுடுச்சு பாரு" என்று யாரையாவது கூப்பிட்டுக் காட்டினாள்.

அதன் பிளக் நம் ஊர் பிளக் இல்லை. வட்டமான கறுப்புத் தலை, தடித்த இரண்டு பின், தலையின் இரு பக்கமும் மெல்லிய தகடு. நம் சுவரில் இருப்பதோ மூன்று ஓட்டை. அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு அடாப்டர் வாங்கி வந்தார். எந்த நாட்டு பிளக்கும் இதில் போகும் என்று கடைக்காரர் சொன்னாராம். போனது. கெட்டிலின் நீல விளக்கு எரிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நான் கல்லூரியில் படித்தது மின் பொறியியல் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்துவைத்தது போலாகிவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டுகிறார். அதனால் வீட்டில் எழுத்து, கரண்ட், ஆபீஸ் என்று எது வந்தாலும் கடைசி வார்த்தை என்னுடையது. "அவன் சொல்லிட்டான்ல, உடு" என்பார்கள். பிளஸ் டூ படிக்கும்போது அது பெருமையாக இருந்தது. நான் தலையாட்டினால் ஒரு பொருள் எங்கள் வீட்டில் பாதுகாப்பானதாகிவிடும் என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது தோன்றவில்லை.

லீவு முடிந்து திரும்பினேன். நான் இருப்பது வேலைக்கு வந்தவர்களுக்கான ஒரு விடுதி. ஆளுக்கு ஒரு அறை, ஒரு ஜன்னல், அந்த ஜன்னலும் ஒரு சாண்தான் திறக்கும். ஊரிலிருந்து எடுத்துப்போன ரைஸ் குக்கரில்தான் என் சாப்பாடு. அதற்கும் ஓர் அடாப்டர், அப்பா எனக்கும் சேர்த்து வாங்கியது, கெட்டிலுக்கு வாங்கிய அதே கடையில். மே மாதம் ஒரு பெண் சின்ன தள்ளுவண்டியோடு அறை அறையாக வந்து மின்சாதனங்களைச் சோதித்தாள். நல்லதாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். என் குக்கரைப் பார்த்தாள், அடாப்டரைப் பார்த்தாள், ஸ்டிக்கர் எதையும் எடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் அடாப்டரின் மூடியை நெம்பித் திறந்து என் பக்கம் நீட்டினாள்.

உள்ளே இரண்டு பித்தளைத் தகடு இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வெறும் பிளாஸ்டிக். குக்கரின் மூன்றாவது பின், அதாவது எர்த் பின், இவ்வளவு நாளும் ஒன்றுமில்லாத இடத்தில் சொருகியிருந்திருக்கிறது. குக்கருக்குள் ஒரு வயர் உரிந்து உலோக உடம்பில் பட்டிருந்தால், கரண்டுக்குத் தரைக்கு இறங்க வழி நான் மட்டும்தான். அவள் அடாப்டரைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். நான் குக்கரைப் பற்றி நினைக்கவில்லை. கெட்டிலின் வட்டத் தலையில் இரு பக்கமும் இருந்த தகடுகளை நினைத்தேன். அந்தப் பிளக்குக்கு அதுதான் எர்த். ஆவடி அடாப்டரில் அது எதைத் தொடும்?

அன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா போனை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்தாள். அதனால் அவள் முகத்துக்குப் பதில் இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. காலில் ரப்பர் செருப்பு. சமையலறையில் அம்மா செருப்போடு நின்று நான் பார்த்ததே இல்லை.

"மா, இன்னாது, உள்ள செருப்பு?"

"தர சில்லுனு கீதுடா."

வெள்ளானூரில் அப்போது அக்னி நட்சத்திர வெயில்.

"மா, அந்தக் கெட்டில் கடிக்குதா?"

"சீ, கடிக்கல. லேசா சுர்ருங்கும். செருப்பு போட்டுகினா ஒண்ணும் தெரில."

"எத்தினி நாளா?"

"நீ போனதுலேந்து."

நாலு மாதம். நாலு மாதமாக எங்கள் அம்மா செருப்பு போட்டுக்கொண்டு, புறங்கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பொருளைத் தூக்கியிருக்கிறாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"ஆசையா வாங்கினு வந்தே. அதுல போயி குத்தம் சொல்வாங்களா? ஃபாரின் சாமான், கரண்டு கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும்னு உங்கப்பாவும் சொன்னாரு."

கத்தினேன். அம்மாவிடம் அப்படிக் கத்தியதில்லை. அதைத் தொடவே கூடாது, மேலே எடுத்து வைத்துவிடு என்றேன். அடாப்டரைக் காட்டச் சொன்னேன். அதன் ஓரம் காபி நிறத்தில் பழுத்திருந்தது. கெட்டில் இழுக்கும் கரண்டுக்கு அந்தச் சின்ன சாக்கெட்டே தாங்காது. நான் தலையாட்டியபோது அதையும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கெட்டில் பாலித்தீன் கவர் போட்டு ஷெல்ஃபில் சாமி போல உட்கார்ந்திருந்தது. அம்மா அதைப் போனில் காட்டினாள். "தொடறதே இல்ல, போதுமா?" அப்போது வாசலிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது. "எக்கா, காலைல மாரி கொஞ்சம் அதுல சுடுதண்ணி போட்டுக் குடேன், பாப்பாவுக்குப் பால் கலக்கணும்."

அம்மா திரும்பிப் பார்க்காமலே "அப்பறம் வா, அப்பறம் வா" என்று கையை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நேரில் போய் அதைப் பிடுங்கி உடைத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் தங்கும் அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. புது அட்டை கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது நிச்சயமில்லை என்றார்கள். ஆபீசில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளானூரில் இப்போது மணி நாலு, அப்பா ஷிப்ட் முடிந்து வந்திருப்பார், அம்மா டீ போடுவாள் என்று மனம் ஓடும். போன் பண்ணி இரண்டு ரிங்கில் அவள் எடுக்காவிட்டால் வைத்துவிட்டு உடனே மறுபடி அடிப்பேன். எடுத்தால் "இன்னாடா, இப்பத்தான பேசினே" என்பாள். வைத்துவிட்டு அறைக்கு வந்தால் அந்த ஒரு சாண் ஜன்னல்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் என் புத்தி சுவருக்குப் போனது. அடாப்டரில் எர்த் இல்லை, சரி. சுவரில் இருக்கிறதா? அடாப்டரை எடுத்துவிட்டு நல்ல பிளக் மாட்டினாலும் அது எங்கே போய்ச் சேரும்? எர்த்திங் பற்றி நான் பரீட்சையில் பதினாறு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். குழி, குழிக்குள் பைப், சுற்றி உப்பும் கரியும் அடுக்கடுக்காக, கலர் பென்சிலில் படம் போட்டு. அந்தப் பாடத்தைப் படித்தது எங்கள் வீட்டு ஹாலில், எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே சாய்ந்துகொண்டு. ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்பாவிடம் மெயினை இறக்கிவிட்டு ஒரு போர்டைக் கழற்றச் சொன்னேன். அந்த வீட்டுக்கு வயர் இழுத்தது அவர்தான். செங்கல் தூக்கியதும், பூசியதும், ஓர் எலக்ட்ரீஷியனுக்கு ஹெல்பராக நாலு மாதம் போய்க் கற்றுக்கொண்டு வயரிங் செய்ததும் அவர்தான். "எல்லாம் நல்லாத்தான் கீது நைனா" என்று முனகிக்கொண்டே திருகினார். அம்மா போனைப் பிடித்திருந்தாள். போர்டு திறந்தது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. மேல் ஓட்டைக்கான திருகாணி கடையிலிருந்து வந்த பளபளப்பு போகாமல் அப்படியே இருந்தது. அதில் எதுவும் மாட்டப்பட்டதே இல்லை.

"பா, மேல ஓட்டைக்கு வயரே போகலியே."

"அது பிளக்கு ஆடாம நிக்கறதுக்குன்னுதான் நைனா நெனச்சேன்."

அப்பா அந்தத் திருகாணியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நீ படிச்சது இதானே? உனக்கும் தெரிலயா?"

பத்தாவது வரை என்னோடு படித்தவன் ஒருவன் இப்போது முகப்பேரில் அடுக்குமாடிகளுக்கு வயரிங் செய்கிறான். வெட்கத்தை விட்டு அவனைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னா மாமே, ஜெர்மனிக்கே கரண்டு குடுக்கப் போன இன்ஜினியரு, ஊட்ல எர்த்து இல்லியா?"

"சிரிச்சு முடிச்சிட்டு வாடா."

"வரேன் வரேன். உங்கம்மாவ மீன் கொழம்பு வெக்கச் சொல்லு. ஆனா அந்தக் கெட்டில்ல வெக்க வேணாம்."

வந்தான். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டினான். பைப்பை இறக்கி, சுற்றி உப்பும் கரியும் போட்டு, அதிலிருந்து போர்டுகளுக்குப் பச்சை வயர் இழுத்தான். நான் கலர் பென்சிலில் வரைந்ததை அவன் மண்வெட்டியால் செய்வதை ஆபீஸ் படிக்கட்டில் நின்று போனில் பார்த்தேன். குழியில் தண்ணீர் ஊற்றி, டெஸ்ட் பல்பின் ஒரு முனையை லைனிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. கெட்டிலின் ஜெர்மன் தலையை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் மூன்று பின் பெரிய பிளக்கை மாட்டினான். அதற்கென்று பெரிய சாக்கெட். "அடாப்டருக்கே வேல இல்ல மச்சான்." கரண்ட் கசிந்தால் தானாக விழும் டிரிப்பர் ஒன்றையும் மெயின் பக்கத்தில் வைத்தான். தண்ணீர் மோட்டார் வெளியே தனி லைனில் இருந்தது. அதற்கு மட்டும் எர்த் வயர் போதவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றான். போகும் முன் அம்மா கையில் ஒரு டெஸ்டரைக் கொடுத்து, எங்கே விரல் வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று காட்டினான். மோட்டார் பெட்டியைத் தொடும் முன் இதை வைத்துப் பார், உள்ளே விளக்கு எரிந்தால் தொடாதே என்றான். அம்மா தலையாட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. சுர்ரென்றாலும் சொல்ல மாட்டாள், செருப்பு போட்டுக்கொள்வாள். வீட்டில் ஒரு குழியைத் தோண்டிவிடலாம். அவள் வாயைத் திறக்க வைக்க என்னிடம் ஒரு கருவியும் இல்லை.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். வேலை நேரத்தில் அம்மா ஒருபோதும் கூப்பிட மாட்டாள், என்னைத் திட்டுவார்கள் என்று பயம். போனில் அவள் பெயரைப் பார்த்ததும் எழுந்து வெளியே ஓடினேன்.

"மோட்டாரு பொட்டில டெஸ்டரு எரியுது."

"தொட்டியா?"

"தொடல."

"மா, நெஜமா?"

"தொடலன்றேன்ல! தொட்டுட்டு உனக்குப் போன் பண்ணுவேனா? காலைலேந்து தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல. துணி ஊறினு கீது. பாத்திரம் அப்படியே கெடக்குது. வரேன்னு சொன்ன உன் கூட்டாளி ஆளக் காணோம். நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது, எனக்கு இப்ப தண்ணி வேணும்."

என் அம்மா என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. நான் ஊருக்கு வந்து போன பிறகு அவள் சொன்ன முதல் குறை அது. லைனை வைக்காமலே அவனையும் சேர்த்துக் கூப்பிட்டேன். நாலாவது தடவை எடுத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். அவன் "வரேன்கா, வண்டி எடுத்துட்டேன்கா" என்றான். முகப்பேரிலிருந்து வெள்ளானூருக்கு அந்த நேரத்தில் ஒரு மணிநேரமாவது ஆகும்.

"அவன் வர்ற வரைக்கும் போனை வெக்காத மா."

"வெக்கல."

மீட்டிங்கிலிருந்து என்னைத் தேடி ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா அவனைத் திட்டினாள், அப்பாவைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள். மோட்டாரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய் என்று நடுநடுவே கேட்டேன். வாசப்படியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டத் தொடங்கினாள்.