திருட்டுப்போன பேச்சைத் தேடிப் பாகூருக்கு

முப்பத்தொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இனி முடியாது. இந்த வலைப்பூவில் எங்கெங்கோ இருக்கும் கோயில், ஏரி, இட்லிக்கடை பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன். வில்லியனூரில் என் வீட்டிலிருந்து பதினேழே கிலோமீட்டரில் இருக்கும் பாகூரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. காரணம், அங்கே குடியிருக்கும் ஆரோக்கியம் என்ற ஒருவன்.

பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பாகூரில் நடந்த பேச்சுப் போட்டிக்கு ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு பேச்சு எழுதினேன். போகும்போது பஸ்ஸில் தாளை அவனிடம் கொடுத்து, சரியாக ஒப்பிக்கிறேனா என்று பார்க்கச் சொன்னேன். நான் ஒப்பிக்க ஒப்பிக்க அவனுக்கும் மனப்பாடமாகிவிட்டது. அவனும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான், மேடையில் அவனை முதலில் கூப்பிட்டார்கள். என் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் பேசினான். அடுத்து நான் ஏறியபோது பேச என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவனுக்குப் பரிசாக எவர்சில்வர் தூக்குவாளி. எனக்கு அன்றிலிருந்து நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் என்னைத் தாண்டி மேலே போனவர்கள் எல்லாருமே நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்தான், வேலை தெரிந்தவர்கள் அல்ல.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கேட்டே விடுவது என்று கிளம்பினேன். ‘ஆமாம், திருடினேன்’ என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

காலை 7.10க்கு ஸ்கூட்டரை எடுத்தேன். மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழி. இரண்டு பக்கமும் நெல், நடுநடுவே கரும்பு. வேகத்தடைகளை மட்டும் யாரோ என்மேல் கோபத்தில் போட்டது போல இருக்கும். கரிக்கலாம்பாக்கத்தில் டீ பன்னிரண்டு ரூபாய், டம்ளரில் பாதி நுரை. 8.05க்குப் பாகூர். ஏரி தளும்பிக் கிடந்தது. மூலநாதர் கோயிலுக்குள் அரை மணி நேரம், கூட்டமே இல்லை. கோபமாக வந்தவனுக்கு இவ்வளவு அழகான காலை கிடைத்திருக்க வேண்டாம்.

மைக்செட் ஆரோக்கியம் என்றால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்கிறது. இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ வைத்திருக்கிறான். திருவிழா, ரேஷன், சாவு எல்லாமே அவன் குரலில்தான் ஊருக்குத் தெரியும். போனபோது ஒரு சாவு அறிவிப்பை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

“இன்னாடா, வழி தெரியாம வந்துட்டியா? குந்து. இத முடிச்சுக்கிறேன். ஒரு மருமவன் பேர வுட்டாலும் வூட்டாண்ட வந்து சண்ட புடிப்பாங்க.”

“செத்தவர் பேரையே காணோமே,” என்றேன்.

“அது கடைசிலதான் வரணும். இன்னார் புள்ள, இன்னார் புருஷன், இன்னார் மாமனாருன்னு எல்லாத்தயும் சொல்லிட்டு அப்பறம் பேரு. பேரு வந்துட்டா அதுக்கு மேல எவனும் கேக்கமாட்டான்டா.”

நான் வந்த விஷயத்தைக் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “ஆமான்டா, திருடனதுதான். மேல ஏறனதும் நீ ஒப்பிச்சதத் தவிர வேற எதுவும் ஞாபகம் வர்ல. அன்னிக்குப் புடிச்ச மைக்குதான், இன்னும் வுடல.”

கேட்டது கிடைத்துவிட்டது. போதவில்லை. “ஊர் முன்னாடி திருடிட்டு எங்கிட்ட மட்டும் சொல்றியே,” என்றேன்.

“ஊருக்கே சொல்லணுமா? சொல்லிட்டாப் போச்சு.”

நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, அப்பா பெயர், மனைவி பெயர் என்று கேட்டு எழுதினான். அக்கா பெயரைச் சொல்லத் தயங்கினேன். வீட்டுத் தகராறில் எட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. “வுட்டா சண்ட வரும்டா,” என்று வாங்கி எழுதிக்கொண்டான். என்னை ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார வைத்து, மைக்கைப் போட்டான்.

அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே குரல். “பாகூர் வாழ் பொதுமக்களே. வில்லியனூர் இன்னாரின் இளைய குமாரரும், இன்னாரின் கணவரும், அரியாங்குப்பம் இன்னாரின் தம்பியும், இந்த ஆரோக்கியத்தின் பள்ளித் தோழருமான...” என்று நீட்டி, என் பெயரைச் சொன்னான். பிறகு, “அவருடைய பேச்சைத் திருடிப் பரிசு வாங்கியவன் நான்தான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

கடைத்தெருவில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்தார். பூக்கார அம்மா ஆட்டோவை நிறுத்தினார். “பாவம். எப்பப்பா எடுக்கறாங்க?”

“எங்க எடுக்கறது? பின்னாடி குந்திக்கினு இருக்கான் பாருக்கா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்பறம் இன்னாத்துக்கு இந்தக் கொரல்ல சொல்ற? மால கட்ட நாரெல்லாம் எடுத்துட்டேன்.”

பெயருக்கு அப்புறம் வந்த திருட்டு யார் காதிலும் விழவில்லை. ஏரிக்கரை திரும்புவதற்குள் மனைவியிடமிருந்து போன். “நீங்க போயிட்டீங்கன்னு சித்தி பாகூர்லேர்ந்து பேசுனாங்க. மத்தியானம் சோத்துக்கு வருவீங்களா மாட்டீங்களா?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்க அக்காவுக்கும் சொல்லிட்டாங்களாம். அழுதுக்கினே கெளம்பிட்டாங்க.”

விஷயத்தைச் சொன்னதும் ஆரோக்கியம் சிரிப்பதை நிறுத்தினான். “போடா, மொதல்ல வூட்டுக்குப் போ.”

திரும்பும்போது டீக்கு நிற்கவில்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் வீடு. வாசலில் நின்ற அக்கா, எட்டு வருடத்துக்கும் சேர்த்து என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு உள்ளே வந்து சாப்பிட்டாள். அவள் சொன்னதில் பாதி அநியாயம், ஆனாலும் ரசத்தை நானே ஊற்றினேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலம் முடிந்து தை வரை ஏரி நன்றாக இருக்கும். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். யாராவது மைக்கைப் போட்டால் ஆட்டோவை விட்டு இறங்கிவிடுங்கள்.

ஆரோக்கியத்தை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று மேடையில் வாய் அடைத்துப்போனவன், வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தான். நீங்கள் இத்தனை நாள் படித்தது அவனைத்தான். என்னை அப்படி உட்கார வைத்தவனை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் போட்டால் அதுவும் திருட்டாகிவிடும். பக்கத்தில் அவன் பெயரையும் போட இன்னும் மனசு வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, எழுதியவர் பெயரில்லாமலே இதைப் பதிவிடுகிறேன்.