ரஸ் மரமும் மாமாவின் அவரைப் பந்தலும்

என் மாமனார் மதுரையில் ஒரு பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் இலையுதிர் காலத்தில் எங்களோடு இருக்க சிட்னிக்கு வந்தார். நாங்கள் பிளாக்டவுன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். வந்த மறுநாளே பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, காடு மாதிரி விட்டு வச்சிருக்கீங்க" என்றார். அன்றிலிருந்து தோட்டம் அவருடையதாகிவிட்டது.

வேலி ஓரத்தில் ஒரு மரம் தானாக முளைத்து வளர்ந்திருந்தது. அதன் இலைகள் அந்த மாதத்தில் குங்குமம் போலச் சிவந்திருந்தன. எனக்கு அதைப் பிடிக்கும். என்ன மரம் என்று யாரிடமும் கேட்டதில்லை. வந்ததும் தான் நட்ட அவரைக்கொடிக்கு வெயில் விழவில்லை என்று ஒரு சனிக்கிழமை மாமா அதன் கிளைகளை வெட்டித் தள்ளினார். நான் வெறுங்கையால் அவற்றை அள்ளி, தோட்டக் குப்பைக்கான பச்சை மூடித் தொட்டியில் போட்டேன். வேர்த்தபோது அதே கையால் கழுத்தையும் துடைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை ஆபீசில் மணிக்கட்டு அரிக்க ஆரம்பித்தது. கொசு என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு கையிலும் கோடு கோடாகத் தடித்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கிளம்பிவிட்டன. கழுத்து நெருப்பாக எரிந்தது. ரயிலில் வீடு திரும்பும் வழியில் வென்ட்வேர்த்வில்லில் இறங்கி ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் யாழ்ப்பாணத்துக்காரர். கையைப் பார்த்ததுமே கேட்டார்.

"தோட்டத்தில ஏதும் மரம் வெட்டினனீங்களோ? சிவப்பு இலை?"

"ஆமா, சனிக்கிழமை."

"அது ரஸ் மரமாத்தான் இருக்கும். அதின்ர பால்தான் இப்படிச் செய்யும். உங்கட சேராங்கொட்டையும் அதுவும் ஒரே குடும்பம். கொப்புளத் தண்ணியால பரவாது, பயப்பிடாதேங்கோ. ஆனா பால் பட்ட உடுப்பு, வெட்டின கத்தரிக்கோல், கதவுப்பிடி எல்லாத்தையும் சோப் போட்டுக் கழுவுங்கோ. இல்லாட்டி திரும்பத் திரும்ப வரும். முகம் வீங்கினா உடன டாக்டரிட்டப் போங்கோ."

களிம்பும் காலமைன் லோஷனும் அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கைகளை நீட்டிக் காட்டினார். ஒரு புள்ளி கூட இல்லை.

"நான்தானே வெட்டினேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே. நீ கடையில வாங்குற சோப்பா இருக்கும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைச்சுப் போடு, ரெண்டு நாள்ல போயிடும்."

சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிப் பார்த்தேன். "சேராங்கொட்டை எனக்குத் தெரியாதா? அது வேற" என்று முடித்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். அரிப்பு அடங்க ஓட்ஸை அரைத்து வாளித் தண்ணீரில் கரைத்துக் குளித்தேன். மாத்திரை போட்டால் கண் சொருகியது, போடாவிட்டால் சொறியத் தோன்றியது. மாமாவின் மனம் நோகக் கூடாதே என்று மஞ்சளையும் ஒரு தடவை தடவினேன். எரிச்சல் அப்படியே இருந்தது. லேப்டாப்பில் மஞ்சள் அப்பிக்கொண்டதுதான் மிச்சம். கத்தரி, கதவுப்பிடி, என் துணிகள் எல்லாவற்றையும் கையுறை போட்டுக்கொண்டு கழுவினேன்.

ஒருவழியாகக் கொப்புளங்கள் காய்ந்தன. ஆபீசுக்கும் போய் வந்தேன். அடுத்த ஞாயிறு குழம்புக்கு அவரைக்காய் பறித்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே அரிப்பு. இந்த முறை விரல் இடுக்குகளிலும் கன்னத்திலும்.

கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். எல்லாவற்றையும் கழுவிவிட்டேனே, பிறகு எங்கிருந்து வருகிறது? யோசித்து யோசித்து, கடைசியில் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். அவரைக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த குச்சிகள் அத்தனையும் அந்த மரத்தினுடையவை. நல்ல நேரான கிளைகளாகப் பார்த்து மாமா எடுத்து வைத்திருக்கிறார்.

"மாமா, இந்தக் குச்சியெல்லாம் அந்த மரத்துதா?"

"ஆமா. காய்ஞ்சு போச்சேம்மா, இனி அது என்ன பண்ணும்?"

"காய்ஞ்சாலும் பண்ணும் மாமா. என் மூஞ்சியைப் பாருங்க."

குரல் உயர்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் உள்ளே போய் டிவியைப் போட்டார். என் கணவரிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே, ஊருக்குப் போயிடுவார். நீ தோட்டத்துப் பக்கம் போகாம இரு" என்றார். அரிப்பை விட அந்தப் பதில்தான் அதிகமாக எரிந்தது. நம் வீட்டில் நான் எங்கே நடக்கலாம் என்று ஒரு மரம் முடிவு செய்யுமா என்று கேட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் போய் மாத்திரை எழுதி வாங்கினேன். வீட்டு ஏஜென்ட்டுக்கு நானே போன் செய்து, என் கன்னத்தின் படத்தையும் அனுப்பினேன். அடுத்த வாரம் மரம் வெட்டுபவர் ஒருவர் வந்தார். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, முழங்கை வரை கையுறை, முகமூடி. மரத்தை அடியோடு வெட்டி, அடிக்கட்டை மறுபடி துளிர்க்காதபடி மருந்து பூசினார். அவரைப் பந்தலின் குச்சிகளையும் ஒவ்வொன்றாக உருவித் தடித்த பைகளில் கட்டினார். மாமா ஜன்னல் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இவ்வளவு ஏற்பாடு?" என்றார்.

"ஆமா மாமா."

"அப்ப விஷயம் பெருசுதான் போல."

மூன்று வாரமாக என் தோல் சொன்னதை நம்பாத மனிதர், வெள்ளை உடுப்பை ஒரே பார்வையில் நம்பிவிட்டார். அன்று மத்தியானம் தன் தோட்டச் சட்டையைத் தனியாக ஊறவைத்தார். பின்கதவின் பிடியைத் துடைத்தார். முழங்கை வரை சோப் போட்டுக் கழுவிக்கொண்டார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருக்கும் மகளோடு போனில் பேசுவது கேட்டது.

"இங்க ஒரு மரம் இருக்கும்மா, ரொம்ப மோசம். காய்ஞ்ச குச்சியைத் தொட்டாக்கூட விடாது. நம்ம சேராங்கொட்டை ஜாதி. இங்க யாருக்கும் தெரியலை, நான்தான் முதல்ல அதை வெட்ட ஆரம்பிச்சேன்."

என் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை. போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். கன்னம் இன்னும் தடித்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்தேன்.