பல்லைப் பற்றி வந்த ஒரு வாசகர் கடிதம்

பாளையங்கோட்டையில் நான் போகும் பல் டாக்டரின் வரவேற்பறையில் டி.வி. கிடையாது. சுவரில் ஒரு பெரிய வண்ணப் படம் உண்டு. ‘வாயில் வரும் நோய்களை நீங்களே கண்டறியலாம்’ என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு வாய்கள். கடைவாய்ப் பல் குடைந்துகொண்டிருந்தது. ஆனால் இத்தனை வருடம் செய்தித்தாளில் பிறர் எழுதியதை வெட்டிச் சுருக்கிய கை சும்மா இருக்குமா? படத்துக்குப் படம் விளக்கத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். துலக்கும்போது ரத்தம் கசியும் ஈறு. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. இரண்டு வாரமாகியும் ஆறாத புண். ‘வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.’ இது நல்ல வரி. கை வைக்கவில்லை.

ஒன்பதாவது படத்தில் நின்றுவிட்டேன். மேல்வரிசை முன்பற்கள். குறுக்கே பழுப்புக் கோடுகள். இடப்பக்கப் பல்லில் எப்படியோ வலப்பக்கத்திலும் அப்படியே. இடையிடையே சுண்ணாம்பு வெள்ளை. அந்த மாதிரி ஒரு வாயை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரிடம் கேட்டேன். “அந்த ஒன்பதாவது படம், தேச்சாப் போகுமா?”

டாக்டர் என் மகள் வயதுப் பெண். “தேச்சா பல்லுதான் சார் தேயும். அது மேல படிஞ்ச கறை இல்ல. சின்ன வயசுல ஈறுக்குள்ள பல்லு உருவாகும்போதே, குடிக்குத தண்ணியில ப்ளோரைடு கூடுதலா இருந்தா இப்படி ஆயிரும். அவங்க மேல தப்பே கிடையாது. வாயத் தொறங்க.”

திறந்தேன். கிராம்புத் தைலம் தொட்ட பஞ்சை உள்ளே வைத்தார்.

கிராம்பு மணம் எங்கள் வீட்டுப் பல்பொடியின் மணம். சீவலப்பேரிப் பக்கம் ஆற்றங்கரை ஊர் எங்களுடையது. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால் கிடைத்த வெள்ளைப் பல்லை, எங்கள் ஒழுக்கத்தால் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பல் மோசம் என்றால் ஆள் மோசம். என் பெரியப்பா இந்தத் துறையில் நிபுணர். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து, வயது சொல்லிவிடுவார். எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். பொருத்தமான ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது.

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். பெண்ணின் ஊர் மேற்கே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தமில்லாத காட்டு ஊர். வேனில் போய் இறங்கினோம். வாசலில் நின்ற பெண்ணின் அப்பா, வணக்கம் சொன்னபோது குனியவில்லை. பேசுகிறவர் பக்கம் கழுத்தைத் திருப்பவில்லை. திரும்ப வேண்டியிருந்தால் உடம்போடு சேர்ந்து திரும்பினார். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

பெண் பெயர் மாரிச்செல்வி. கூட வந்த என் அத்தை அவளிடம் பெயரைக் கேட்டபோது உதட்டைப் பிரிக்காமல் சொன்னாள்.

“நல்லா வாயத் தொறந்து சொல்லு தாயி. காது கேக்கல்ல” என்றாள் அத்தை. அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும்.

திறந்து சொன்னாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். பார்வையில் முடிவு இருந்தது. அந்த முடிவு அவளுக்கும் தெரிந்துவிட்டது. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல நேராக என்னிடமே பேசினாள்.

“பேப்பர்லதான வேலை பாக்கிய? எங்க ஊருத் தண்ணிய ஒருதரம் எழுதுவியளா? கைப்பம்புத் தண்ணி குடிக்குத பிள்ளையளுக்குத்தான் பல்லு இப்படி வருது. ஆத்துத் தண்ணி குடிக்குத பக்கத்து ஊருல ஒரு பிள்ளைக்கும் இல்ல. எங்க அக்கா மவளுக்கு இப்பத்தான் ஒரு வயசு. அவ பல்லாவது நல்லா வரட்டும்.”

அவளுடைய அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும் வேனில் நடந்த பேச்சை ஒரு நிருபராக அப்படியே தருகிறேன். பெரியப்பா: “பொயிலை போடுத பல்லு வே அது. எனக்குத் தெரியாதா?” அத்தை: “வெளக்குதது கிடையாது போல. வெள்ளிக்கு வெள்ளிதான்.” சித்தப்பா: “அந்த மனுசன் கழுத்தத் திருப்பினாராலே? காட்டு ஊருல இருந்துக்கிட்டு இவ்வளவு திமிரு.” நான்: “பொண்ணு பாக்கப் போனா பேட்டியில்லா குடுக்குதா.”

வேன் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அதிகச் சிரிப்பு வாங்கிய வசனம் என்னுடையது. பெண் வீட்டாருக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினோம்.

அதே தண்ணீர் வருடக்கணக்கில் எலும்பில் ஏறினால் முதுகும் கழுத்தும் இறுகிவிடும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. திமிர் என்று நாங்கள் படித்தது அந்த மனிதரின் நோய். விருந்தாளிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க மனமில்லாமல்தான் கலர் வாங்கியிருக்கிறார்கள். அதைப் பகட்டு என்றாள் அத்தை.

இதோடு முடிந்திருந்தால், எல்லா வீட்டிலும் நடக்கிற அற்பத்தனம் என்று மறந்திருப்பேன். ஏழெட்டு மாதம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. வாசகர் கடிதங்களைச் சுருக்குவது அப்போது என் வேலை. அனுப்பியவர் மாரிச்செல்வி. பெண் பார்த்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு பக்கம், இரண்டு புறமும். தெருவாரியாக, வீட்டுவாரியாக, பிள்ளையின் பெயர், வயது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், பல் எப்படி இருக்கிறது: ‘வெள்ளைக் கோடு’, ‘பழுப்பு’, ‘பழுப்பு, குழி’, ‘நன்றாக இருக்கிறது’. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எழுதியிருந்தாள். கடைசியில், இன்னும் ஆழமாகத் துளை போட வேண்டாம், அந்தத் தண்ணீர் இதைவிடக் கெடுதல் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்கிறார், ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தாள்.

இந்த மாதிரிக் கடிதத்துக்கு எங்களிடம் ஓர் அச்சு இருந்தது. அதில் அமுக்கினால் ஐந்து வரி வரும். ‘எங்கள் கிராமத்தில் நல்ல குடிநீர் கிடைக்காமல் மக்கள் அவதிப்படுகிறார்கள். அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்களா?’ பல்லை எடுத்துவிட்டேன். காலைக் காப்பியோடு படிக்கிறவனுக்குக் குழி விழுந்த பல் எதற்கு? துளை வேண்டாம் என்றதையும் எடுத்துவிட்டேன்; அது விவரம், விவரத்துக்கு இடமில்லை.

அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் ஊர் நடுவே புதிதாக, முன்னைவிட ஆழமாக, ஒரு ஆழ்துளைக் கிணறு. நாங்களும் கட்டம் கட்டி, ‘செய்தி எதிரொலி’ என்று படத்தோடு போட்டோம். செய்தி ஆசிரியர் என் முதுகில் தட்டி, “ஐஞ்சு வரிக்கு ஒரு கிணறு வே” என்றார். அன்று முழுவதும் எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஆற்றுத் தண்ணீர் அந்த ஊருக்குப் போய்ச் சேர அதற்குப் பிறகு பத்து வருடம் ஆனது. திறப்பு விழாவுக்கு என்னையே அனுப்பினார்கள். பந்தலுக்கு வெளியே மாரிச்செல்வி நின்றிருந்தாள். நானாகத்தான் போய்ப் பேசினேன். பக்கத்தில் பாவாடை சட்டையில் அக்கா மகள். சிறுமியின் மேல்வரிசையில் பழுப்புக் கோடு, இரண்டு பல்லில் குழி.

“அன்னைக்குத் துளை போட்ட குழாய எங்க வாசல்லயே போட்டாவ. அதுலதான் இவ வளந்தா” என்றாள் மாரிச்செல்வி. “துளை போடாதியன்னுதான எழுதுனேன்?”

“பேப்பர்ல இடம் இல்ல” என்றேன்.

“பக்கத்துலயே பல்பொடி விளம்பரம் கால் பக்கத்துக்கு இருந்துச்சே அண்ணாச்சி.”

சத்தமாகச் சொல்லவில்லை.

இப்போது அந்த ஊரில் ஒன்பதாவது படத்து வாய் சிறு பிள்ளைகளிடம் இல்லை. துளைகளை மூடிவிட்டார்கள். பழைய கைப்பம்பு சாலை அகலப்படுத்தியபோது போனது. டாக்டரிடம் போய்வந்த மறுநாள், ஒரு கோபத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினேன்: அந்த ஊரில் தண்ணீரால் பல் கெட்டவர்கள் எத்தனை பேர்? பதில் வந்தது. அப்படி ஒரு கணக்கெடுப்பு அங்கே எப்போதும் நடந்ததாகப் பதிவு இல்லையாம்.

நடந்தது. நாலு பக்கம், இரண்டு புறமும், பெயரும் வயதும் குழாயும் போட்டு. ஐந்து வரி எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் மேசைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டேன். அந்தக் கூடை சனிக்கிழமைதோறும் காலியாகும்.