தறிச் சத்தத்தில் ஜெயித்த போன்

பத்தாயிரம் ரூபாய்க்குள் இரண்டு போன்கள். எதை வாங்குவதென்று ஒரு வாரமாக வீடியோ பார்த்துக் குழம்பிக் கிடந்தேன்.

இன்று காலை சோமனூர் கடையில் அதே இரண்டையும் தறி ஓட்டுகிற அக்கா ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரெண்டையும் பக்கத்துல எங்க தறிக்குடோனுக்கு எடுத்துட்டு வாங்க. ரிங் உட்டுப் பாத்துப்போடலாம்" என்றார் கடைக்காரரிடம்.

நானும் பின்னாலேயே போனேன்.

எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் முதல் போன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது அடித்ததும் கடைசித் தறிக்காரர் திரும்பி, "அம்மணி, போன் அடிக்குதுங்க!" என்று கத்தினார்.

அக்கா அதையே வாங்கினார். நானும்தான்.

மதியம் வீட்டில் இருந்தபோது அம்மா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். நான் எடுப்பதற்குள் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். "ஏனுங்க, போன் அடிக்குதுங்க!"

புதுப் போனுக்கு வாழ்த்துச் சொல்ல நினைப்பவர்கள் இங்கேயே எழுதிவிடுங்கள். கூப்பிட வேண்டாம். பாவம், மாடி வீட்டுக்காரருக்கு முட்டிவலி.