அனுப்பாத ஒலி

ராணுவ மருத்துவமனையில் 'காதக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். கடல் தாண்டிப் போகிற சிப்பாய்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பக்கமிருந்து அவள் ஒலி அனுப்புவாள். கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

போர் தொடங்கிய புதிதில் வாய் கிழியப் பேசியவள்தான். சண்டையை அங்கேயே அடக்காவிட்டால் நம் வாசலுக்கு வந்துவிடும் என்பாள். அப்போது பால்பல் விழாதிருந்த பையன்கள் இப்போது மீசையோடு வந்து உட்காருகிறார்கள். இப்போதெல்லாம் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நழுவிவிடுகிறாள்.

அன்று அவளுடைய தம்பியே வந்தான். இரண்டு முறை போய் வந்தவன், மூன்றாவதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்பவள் விடுப்பு. அவளேதான் பார்த்தாக வேண்டும். சொந்தக்காரனுக்குச் சலுகை உண்டா என்று கேட்டான். உண்டு, காதைத் திருகிவிட்டுத்தான் சோதனையே என்றாள்.

வலது காதில் குறையில்லை. இடது காதுக்கும் டாண் டாண் என்று அழுத்தினான். அதுதான் உறுத்தியது. வீட்டில் இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதே இல்லை. திமிர் என்று நினைத்திருந்தாள். உற்றுப் பார்த்தாள். அவன் கண் அவள் தோள்மேல் இருந்தது. கருவியைத் தட்டும்போதெல்லாம் தோள் லேசாக அசைகிறது.

ஒலி அனுப்பாமல் தோளை மட்டும் அசைத்தாள். அவன் பட்டனை அழுத்தினான்.

உள்ளே போய் ஹெட்போனைக் கழற்றினாள். "நான் எதுவுமே அனுப்பலடா."

அசடு வழியச் சிரித்தான். போன முறை பக்கத்தில் ஒன்று வெடித்ததாம். அம்மாவிடம் மூச்சு விடாதே என்றான்.

"எதுக்குடா திரும்பப் போற? எதுக்கு ஆரம்பிச்சோம்னு சொல்றதுக்கே இப்ப ஆள் இல்ல."

"அங்க அதையெல்லாம் யாரும் பேசறதில்லக்கா. பக்கத்துல இருக்கிறவனுக்காகத்தான் இருக்கோம்."

"அவன் இடப்பக்கத்துல இருந்து கத்தினா உனக்குக் கேக்குமா?"

தலையைக் குனிந்துகொண்டான். "நான் போகலன்னா அந்த இடம் காலியா இருக்காது. வேற ஒருத்தன் போவான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா," என்றான்.

அவள் படிவத்தை எடுத்தாள். தகுதியில்லை என்று குறித்தாள். உண்மையைத்தான் குறித்தாள். ஆனால் குறித்ததும் நெஞ்சுக்குள் பரவிய நிம்மதி அவளைக் கூச வைத்தது. தம்பி எழுந்து வெளியே போனான்.

அடுத்து வந்தவனுக்குப் பாம்புச் செவி. மிக மெல்லிய ஒலியை அனுப்பினாள், உடனே அழுத்தினான். மறுபடி அனுப்பினாள், அதைவிட மெல்லியதாக. அதையும் விடவில்லை. ஏதாவது ஒன்றையாவது தவறவிட மாட்டானா என்று காத்திருப்பது அவளுக்கே புரிந்தது.

ஹெட்போனைக் கழற்றச் சொன்னாள். இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"போறதுக்கு உனக்கு இஷ்டமாப்பா?"

அவன் சிரித்தான். "அதுக்கு எந்த ரூம்லக்கா டெஸ்ட் வைக்கிறாங்க?"

தகுதி என்று குறித்தாள். வேறு எதையும் குறிக்க அவன் காதில் இடமில்லை.