இரண்டாவது நான்காம் மாதம்

ஃப்ரீமான்ட் அபார்ட்மென்டின் சமையல் மேடையில் பழைய போர்வையை விரித்து, சிவப்புப் பட்டுச் சட்டையின் காலரை ஸ்வர்ணா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை அழுத்தினாலும் இடது முனை ஒரு நூலளவு தூக்கிக்கொண்டே நின்றது.

சட்டை, மாடி வீட்டுச் சீனக்காரர் மிஸஸ் லின்னின் அம்மாவுக்கு. எண்பதாவது பிறந்தநாள். தைத்தது பிடித்துவிட்டால், மிஸஸ் லின்னின் கொழுந்தனார் தம் தையல் கடையில் ஸ்வர்ணாவுக்கு ஒரு மெஷின் ஒதுக்குவதாகப் பேச்சு. கோயம்புத்தூரில் எட்டு வருஷம் தைத்தவள், இந்த நாட்டுக்கு வந்த பிறகு மகன் மகிழனின் பேண்டுக்கு ஓரம் அடித்ததோடு சரி. வேலை செய்ய அனுமதி அட்டை கிடைத்தே இரண்டு மாதம்தான் ஆகிறது.

"எங்கள் நிலாக் காலண்டரில் ஐந்தாம் மாதம், பதினைந்தாம் நாள். இங்கிலீஷ் தேதி மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றிருந்தார் மிஸஸ் லின். ஸ்வர்ணாவுக்கு ரோஷம். அமாவாசை பௌர்ணமி நமக்குத் தெரியாததா? சீனப் புத்தாண்டு தை அமாவாசையன்று வந்தது. அதையும் சேர்த்து ஐந்து அமாவாசை எண்ணினாள். ஐந்தாவதிலிருந்து பதினைந்தாம் நாள் வைகாசிப் பௌர்ணமி; அதாவது இன்று. மூன்று நாளில் அடித்துப்பிடித்துத் தைத்ததில்தான் காலர் இப்படி.

"பேசாம குடுத்துரு. பாட்டிக்கு எண்பது வயசு, கண்ணு தெரியவா போகுது?" என்றான் கணவன் கிட்டுசாமி.

"கடைக்காரருக்குத் தெரியுமுங்க."

சட்டையோடு மாடி ஏறினாள். கதவைத் திறந்த மிஸஸ் லின், வீட்டு உடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். விருந்துக்கான அடையாளம் ஒன்றுமில்லை.

"ஏன் இத்தனை சீக்கிரம்? பிறந்தநாள் அடுத்த மாதம்தானே?"

சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி வந்து காட்டினார். அதில் நான்காம் மாதம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது; இன்று அந்த இரண்டாவதில். காரணத்தையும் சொன்னார். நிலாவின் பன்னிரண்டு மாதம் சூரியனின் வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைச்சல். விட்டால் புத்தாண்டு கோடைக்கு ஓடிவிடும். அதனால் சூரியன் போகும் பாதையில் பன்னிரண்டு இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறி ஒன்றுகூட விழாத மாதத்துக்குத் தனி எண் கிடையாது. முந்தைய மாதத்தின் எண்ணையே மறுபடி போட்டுக்கொள்ளும்.

"எங்களுக்கும் அப்படி உண்டு" என்றாள் ஸ்வர்ணா, காது சூடாக. "இந்த வருஷம் புரட்டாசியில் இரண்டு அமாவாசை. உங்களுக்கும் அப்போதுதான் என்று நினைத்துவிட்டேன்."

"ஒரே நிலா, ஆளுக்கொரு கணக்கு" என்று சிரித்தார் மிஸஸ் லின். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நன்றாக இருக்கிறது என்றார்.

அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு ஸ்வர்ணா கிளம்பியிருக்கலாம்.

"இல்லை, காலர் கோணல். பிரித்துத் தைக்கணும்."

மிஸஸ் லின் காலரை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். "திங்கட்கிழமை இதைக் கொழுந்தனார் கடைக்கே எடுத்து வா. அங்கே உட்கார்ந்து பிரி. அவர் பார்க்கட்டும்."

கீழே கிட்டுசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓயாமல் சிரித்தான். "ராக்கெட் விடறவளாட்டம் விரல் விட்டு எண்ணுனியே."

"சிரிங்க, சிரிங்க. ஒரு மாசம் சும்மா கெடைச்சிருக்குல்ல."

"அது சரி. திங்கக்கிழமை எனக்கு மூணு மணிக்கு மீட்டிங். மகிழனை டேகேர்ல யாரு பிக்கப் பண்றது?"

"அந்தக் கணக்கு உங்களுதுங்க" என்று ஸ்வர்ணா அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சட்டையோடு அடுத்த அறைக்குப் போனாள்.