தோளில் போட்ட துவாய்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான். இல்லாதவர் மாமா. இலங்கையில், ஊரில் அம்மாவின் கண்முன்னே ஆமி பிடித்துக்கொண்டு போன அவர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இல்லாதவர்.

நவம்பர் மாதம், போர்வீரர் நினைவுநாள். எனக்கு எட்டு வயது. கனடாவில், மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்டில் ஒரு பூர்வகுடித் தாயும் மகனும் இருந்தார்கள். அம்மா அக்காவுக்கு இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கடும்பச்சைச் சீருடையில் ஒருவன் நின்றான்.

“ஐயோ, ஆமி!” என்று அம்மா அக்காவையும் இழுத்துக்கொண்டு குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். இரவு வேலை முடித்து வந்திருந்த அப்பா, ஊரில் ஆமி வந்தால் செய்வதையே செய்தார். அலுமாரியிலிருந்து பைலை எடுத்துவந்து, எங்கள் நால்வரின் அடையாள அட்டைகளையும் வரிசையாக நீட்டினார். வந்தவன் குழம்பிப்போனான். எங்கள் வழக்கம் இதுதான் என்று நினைத்தானோ என்னவோ, தன் அட்டையையும் எடுத்து மரியாதையாக அப்பாவிடம் கொடுத்தான்.

“அப்பா, உவர் கீழ்வீட்டு அண்ணா!” என்று கத்தினேன்.

அந்த அண்ணாவின் கையில் சீப்பு இருந்தது. முதுகுவரை முடி அவிழ்ந்து கிடந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் குசினியை நோக்கித் தமிழில் சொன்னேன். படையில் பூர்வகுடிகள் முடி வளர்க்கலாம். ஆனால் இறுக்கிப் பின்னியிருக்கவேண்டும். பின்னிவிடும் தாய் ஒரு செத்தவீட்டுக்காக வடக்கே போய்விட்டார். இன்று அண்ணாவுக்கு முதல் அணிவகுப்பு. இப்படியே போனால் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். அக்காவின் பின்னலைத் தினமும் பார்ப்பவராம், அதுதான் இங்கே வந்தாராம்.

“ஆமிக்காரன்ர தலையை நான் தொடமாட்டன்,” என்றார் அம்மா. பிறகு, “ஏனாம் ஆமிக்குப் போனவர்? கேள்.”

அண்ணா யோசித்துத்தான் சொன்னார். தாயின் தகப்பனைச் சின்ன வயதில் அரசாங்க ஆட்கள் பிடித்துக்கொண்டுபோய், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் விட்டார்களாம். முதல்நாளே முடியை வெட்டிவிட்டார்களாம். இவரைப் படையில் சேர்க்க வந்தவர்கள் முடியை வெட்டத் தேவையில்லை என்றார்களாம். பயிற்சி தொடங்குமுன் தங்கள் இனத்துப் பெரியவர்களோடு சில நாள் தங்கவும் விட்டார்களாம்.

“பிடிச்சுக்கொண்டு போனவையோ?” என்றார் அம்மா.

“ஓம்.”

“திரும்பி வந்தவரோ?”

கேட்டுச் சொன்னேன். “வந்தவராம். முடி இல்லாமல்.”

 பிறகு அம்மா பெரிய துவாய் ஒன்றோடு வெளியே வந்தார். “இரு தம்பி,” என்று கதிரையைக் காட்டினார். கழுத்திலிருந்து முழங்கால்வரை சீருடை தெரியாமல் அவரைத் துவாயால் மூடினார்.

“எண்ணெய் படாமலோ அம்மா?” என்றாள் அக்கா. அம்மா சீப்பை வாங்கினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று எண்ணெய்ப் போத்தலை அம்மா திறக்கவே இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அக்காவின் ரப்பர் பாண்டுகள் எல்லாம் ரோஸ் நிறம். அப்பா பிளாசாவுக்கு ஓடிப்போய்க் கறுப்பு வாங்கிவந்தார். பின்னல் கயிறுபோல இறுகி நின்றது. “கவனமாப் போய்ட்டு வா,” என்று சொல்லிவிட்டு, துவாயை எடுக்காமலே அம்மா குசினிக்குள் திரும்பினார். அண்ணா அதை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு ஓடினார்.

குசினியில் நெடுநேரம் தண்ணீர் ஓடியது. கழுவ அங்கே ஒரு கோப்பைகூட இருக்கவில்லை. அன்று எங்களுக்கு ஆன செலவாக எனக்குத் தெரிந்தது கறுப்பு ரப்பர் பாண்ட் ஒரு பக்கெட்: வரியோடு ஒரு டொலர் நாற்பது சதம்.